ஊணும் உறையுளும்

திருக்கோயிலின் கோபுரங்கண்டு கைகூப்பி, திருமுன் நின்று உள்ளங்குளிர வழிபட்டு, திருநீறும் தீர்த்தமும் பெற்று வெளிவரும் அடியவர்க்கு அடுத்தபடியாக எழும் வினாக்கள் இரண்டு. எங்கே உண்பது? எங்கே உறங்குவது? பசியும் களைப்பும் உடம்பெடுத்தார் யாவர்க்கும் பொது. அரசராயினும் ஆண்டியாயினும் நடந்து வந்த கால் ஓய்வையும், ஒழிந்த வயிறு உணவையும் கேட்கவே செய்யும். இவ்விரு தேவைகளையும் சேர்த்துச் சொல்லும் சொற்றொடரே ‘ஊணும் உறையுளும்’ என்பது. திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா மலரில் இறைவன் புகழ் பாடாது இத்தொடரை ஆராய்வானேன் என்று அன்பர்கள் எண்ணலாம். இறைவனை நாடி வருவோர்க்கு நாம் செய்யக் கடமைப்பட்டது யாது என்பது இத்தொடருக்குள் அடங்கிக் கிடத்தலின், அதனைச் சிறிது விரித்துரைத்தல் பொருத்தமே என்க.

பலகையும் இலையும்

யாத்திரைத் தலங்களில் எங்கு நோக்கினும் ‘போர்டிங் அண்டு லாட்ஜிங்’ என்று எழுதிய பலகைகளைக் காண்கிறோம். தமிழெழுத்தில் எழுதப்பெற்று, ஆங்கிலம் அறியாதாரும் எழுத்துக்கூட்டிப் படித்து உள்ளே செல்லுமாறு அத்தொடர் பழகிப்போய்விட்டது. எனினும் இவற்றுள் உணவைக் குறிப்பது எது, தங்குதலைக் குறிப்பது எது என்று கேட்டால் பலரும் சற்றே தயங்குவர். பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளியைப் ‘போர்டிங் பள்ளி’ என்பதால், போர்டிங் என்றால் தங்குதல் என்று கொள்வாரும் உளர். உண்மை அதுவன்று. ‘போர்டு’ என்பது முதலிற் பலகை. பின்னர் உணவு பரிமாறும் பலகை. அதன்பின் அப்பலகைமேற் படைக்கும் உணவு. ஆகவே போர்டிங் என்பது உணவு. லாட்ஜிங் என்பதே தங்குதல்.

ஆங்கிலேயர் பலகையால் உணவைக் குறித்தது போல, நாம் இலையால் உணவைக் குறிக்கிறோம். ‘இலை போட்டாயிற்றா?’ என்றால் உணவு பரிமாறத் தொடங்கியாயிற்றா என்பது பொருள். ‘நூறு இலை விழுந்தது’ என்றால் நூறு பேர் உண்டனர் என்பது பொருள். இன்னும் ஒரு புதுமை கேண்மின். ‘லாட்ஜ்’ என்னும் சொல்லின் பழைய வேர் இலை வேய்ந்த குடிலையே குறித்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். நம் இதிகாசங்கள் கூறும் பர்ணசாலையும் இலைக்குடிலே. ஆக, மேலைநாட்டார் தங்குமிடத்திற்குச் சூட்டிய பெயரும் இலையில் வந்து முடிகின்றது!

கொண்டதற்கு ஈடாக நாமும் அவர்களுக்கு ஒரு சொல் கொடுத்திருக்கிறோம். இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் ‘சௌல்ட்ரி’ என்னும் சொல் தென்னாட்டுச் ‘சாவடி’யின் திரிபேயாகும். வணிகத்தின் பொருட்டு வந்த மேனாட்டார், வழிப்போக்கர்க்கென நம்மவர் கட்டிவைத்த சாவடிகளைக் கண்டு வியந்து, அதற்கு நேரான சொல் தம்மிடம் இன்மையின் நம் சொல்லையே எடுத்துக்கொண்டனர்.

நம்மூர்ப் பெயரில் உறையுள்

ஊண் என்பது உண் என்னும் வினையடியாகப் பிறந்தது. உண்டி என்பதும் அவ்வாறே. உறையுள் என்பது உறை, அதாவது தங்கு, என்னும் வினையடியாகப் பிறந்தது. சோழர் தலைநகராகிய உறையூரின் பெயரிலும் இவ்வேரே விளங்குகின்றது. கோயிலில் நாம் காணிக்கை இடும் உண்டியின் பெயர் இதனின் வேறானது. அது வடநாட்டு வணிகர் வழங்கிய பணமுறிச் சொல்லின் வழி வந்தது. சொற்கள் வேறாயினும், உண்டியில் இட்டது ஏழையின் உண்டியாக மாறுமாயின் இரண்டும் ஒன்றேயாகிவிடும்.

பள்ளி என்னும் சொல்லையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். பள்ளிகொள்ளுதல் என்றால் துயிலுதல். பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி என்பன கோயில் வழக்கில் நாள்தோறும் கேட்கும் சொற்கள். துயிலும் இடத்தைக் குறித்த இச்சொல், சமணத் துறவியர் தங்கிய இடத்தைக் குறித்துப் பின்னர் அவர்கள் கற்பித்த இடத்தையும் குறித்து, முடிவிற் கல்விச்சாலைக்கே பெயராயிற்று. பட்டு என்பது சிற்றூர். பள்ளிப்பட்டு என்று நாம் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தங்குமிடத்தைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்றை வாய்நிறையச் சொல்லுகிறோம். இத்தகைய பெயர் தாங்கிய ஊரில் வாழ்வோர்க்கு, வந்தாரைத் தங்கவைக்கும் கடமை பெயராலேயே ஏற்பட்டுவிட்டது எனலாம்.

தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் நம் பகுதியில் மற்றொரு சொல்லும் நோக்கத்தக்கது. ‘போஜன வசதி’ என்று தெலுங்கில் எழுதியிருந்தால், உணவுக்கு வசதி உண்டு என்று மட்டும் தமிழர் பொருள் கொள்வர். தெலுங்கர்க்கோ அஃது உணவும் தங்குமிடமும் ஆகும். வசதி என்னும் வடசொல்லின் முதற்பொருள் வசிக்கும் இடம் என்பதே. கன்னட நாட்டுச் சமணக் கோயில்களை பஸதி என்பதும் இச்சொல்லின் திரிபே. தமிழில் அச்சொல் சௌகரியம் என்னும் பொருளுக்கு நழுவிவிட்டது. ‘தங்கும் வசதி’ என்று எழுதுகின்றவர் தம்மை அறியாமலே தங்குதலை இருமுறை சொல்லுகின்றார்.

திருத்தணி தாலுகா 1911-ஆம் ஆண்டிற் சித்தூர் மாவட்டத்தில் அமைந்தது. நெடிய எல்லைக் கிளர்ச்சிக்குப் பின்னர் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. வரைபடத்தில் எல்லைக்கோடு மாறிற்று. ஆயினும் கோட்டின் இருபுறத்தும் மாறாத சொல் ஒன்று உண்டு. அதுவே சத்திரம். தெலுங்கர் அதனை சத்ரம் என்பர். பொருளும் ஒன்று, அறமும் ஒன்று.

சத்திரமும் சாவடியும்

‘சத்திரம் சாவடி’ என்று சேர்த்துச் சொல்லும் இவ்விரண்டும் ஒன்றல்ல. சாவடி தலைசாய்க்க இடந்தருவது. சத்திரம் சோறிட்டு இடமுந் தருவது. வேதநெறியில் ஸத்ரம் என்பது பலர் கூடிப் பல நாள் இயற்றும் வேள்வி. ஏனைய வேள்விகளில் வேட்பிப்போன் வேறு, அவன்பால் தட்சிணை பெறும் வேதியர் வேறு. ஸத்ரத்திலோ வேள்வி செய்வோர் அனைவருமே வேட்போர். தட்சிணை கொடுப்பாரும் இல்லை, கொள்வாரும் இல்லை. பயன் எல்லார்க்கும் பொது. அன்னமிடும் இல்லத்திற்கு இப்பெயரைச் சூட்டிய முன்னோர் நுண்ணறிவை என்னென்பது! சத்திரத்தில் இடுகின்றவன் உயர்ந்தவனும் அல்லன், உண்கின்றவன் தாழ்ந்தவனும் அல்லன். சத்திரத்துச் சோற்றிற்கு யார் உத்தரவு வேண்டும் என்னும் பொருளில் வழங்கும் நாட்டுப் பழமொழியும் இக்கருத்தையே உணர்த்துகின்றது.

அடியார் காட்டிய இருவழி

ஊணின் பெருமையைச் சைவர்க்கு உணர்த்தியவர் இளையான்குடி மாறநாயனார். செல்வமெல்லாம் அடியார்க்கு அமுதிட்டே செலவழிந்தபின், மழை பொழியும் நள்ளிரவில் ஓரடியார் வந்தார். நாயனார் அவர் மேனியின் ஈரந்துடைத்து இடந்தந்தார். பின்னர் வயலுக்குச் சென்று, அன்று பகலில் விதைத்த நெல்முளையை வாரி வந்தார். அடுப்பெரிக்க விறகில்லை, தம் வீட்டுக் கூரையின் மரத்தையே முறித்துக் கொடுத்தார். விருந்தினர்க்கு ஊண் அமைக்கத் தம் உறையுளையே முறித்தவர் அவர். சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைப் பாடிய பாங்கினைப் பெரிய புராணத்திற் படித்து உருகாதார் யார்?

உறையுளின் பெருமையை வைணவர்க்கு உணர்த்தியது திருக்கோவலூர் இடைகழி. அதுவும் மழையிரவே. பொய்கையாழ்வார் அங்கே படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடங்கேட்க, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து அமர்ந்தார். பேயாழ்வார் வந்து கேட்க, மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். நான்காமவராய் நெருக்கியவர் இறைவனே என்பது வரலாறு. இடம் பெரிதாயிருந்ததால் இறைவன் வரவில்லை. இடங்கொடுக்கும் மனம் பெரிதாயிருந்ததால் வந்தான். இடமில்லை என்று சொல்லும் பழக்கமுடைய நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

பௌத்த காப்பியமாகிய மணிமேகலையும் இவ்வறத்தையே பேசுகின்றது. ஆபுத்திரன் மதுரையில் இல்லந்தோறும் இரந்து பெற்ற சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் நோயாளர்க்கும் முதலில் ஊட்டி, எஞ்சியதைத் தானுண்டு, இரந்த ஓட்டையே தலையணையாக வைத்து அம்பலத்தில் துயின்றான். அவனுக்கே அமுதசுரபி கிடைத்தது. உணவளித்தார் உயிரளித்தார் ஆவர் என்னும் கருத்து அக்காப்பியத்திலும் புறநானூற்றிலும் ஒருங்கே காணப்படுதலால், இஃது ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய கொள்கை அன்று என்பது தெளிவு.

கல்லில் எழுதிய சோறு

முன்னோர் இவ்வறத்தை மனத்திற் கொண்டதோடு அமையாது கல்லிலும் பொறித்தனர். சாலை என்னும் சொல் இன்று பாதையைக் குறிக்கின்றது. பழங்காலத்தில் அஃது உண்ணவும் தங்கவும் கற்கவும் அமைந்த அறநிலையத்தைக் குறித்தது. அத்தகைய சாலைகளுக்கென விடப்பெற்ற நிலம் சாலாபோகம் எனப்பட்டது. தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் ஆகியவற்றோடு ஒருங்கெண்ணப்படும் சிறப்பு அதற்கு இருந்தது.

முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் எண்ணாயிரம் என்னும் ஊர்க் கோயிலில் அமைந்த கல்லூரியில் 340 மாணாக்கர் கற்றனர். ஆசிரியர் 14 பேர். இளைய மாணாக்கர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல் என்று கல்வெட்டு வரையறுக்கின்றது. உண்டி இன்றிக் கல்வி இல்லை என்பதை நன்கறிந்தவர் சோழர்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் உள்ள வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு இதனினும் வியப்புடையது. அங்குத் திருமால் கோயிலின் மண்டபத்தை ஒட்டி வேதபாடசாலையும், மாணாக்கர் தங்கி உண்ணும் விடுதியும், ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனையும் ஒருங்கே நடந்தன. மருத்துவமனையில் 15 படுக்கைகள். மருத்துவர், அறுவை செய்வார், மருந்து கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கெல்லாம் நெல்லும் காசும் பகுக்கப்பட்டன. ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிடல் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களும் விருந்தினர் இல்லத்தைக் குறித்த ஒரே இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. மேலைநாட்டில் ஒரு சொல்லிற் பிறந்து மூன்றாகப் பிரிந்தவற்றின் அறத்தைத் தென்னாட்டார் 11-ஆம் நூற்றாண்டில் ஒரு கோயிலின் நிழலில் ஒன்றாக நடத்தினர்.

இவ்வறங்கள் நெடுங்காலம் நின்றது எங்ஙனம்? நம் அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இதுவே. அக்காலத்தார் கட்டடம் கட்டியதோடு கையைக் கழுவிவிடவில்லை. நிலத்தை விட்டனர், அதன் விளைவு ஆண்டுதோறும் வந்தது. பொன்னை வைத்தனர்; முதல் தேயாமல் பொலிசை மட்டும் செலவாயிற்று. நந்தாவிளக்கிற்கு ஆடுகள் விட்டால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். கிழடு கழிந்து குட்டி நிரம்பி மந்தை குறையாமல் நிற்கும் என்பது கருத்து. சந்திரரும் சூரியரும் உள்ளவரை இவ்வறம் நடக்க என்று எழுதி, இதனைக் காத்தவர் திருவடி எம் தலைமேல் என்று முடித்தனர். கொடுத்தவரினும் காத்தவரையே பெரியவராக மதித்த பண்பு அது.

வழிநெடுகச் சத்திரங்கள்

பிற்காலத்தில் இவ்வறம் பெருவழிகளில் செழித்தது. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயர் தாங்கிய சத்திரம் நாடறிந்தது. சென்னையைச் சேர்ந்த ஏனுகுல வீராசாமி ஐயர் 1830-ஆம் ஆண்டு மே மாதம் பெருங்கூட்டத்தோடு காசிக்குப் புறப்பட்டு, மறு ஆண்டு செப்டம்பரில் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய காசி யாத்திரை நூல் வழிநெடுகத் தங்கிய இடங்களைக் குறித்துச் செல்கின்றது. பதினைந்து மாதப் பயணத்தில் ஒவ்வொரு மாலையும் எழுந்த முதல் வினா இன்றிரவு எங்கே என்பதாகத்தானே இருந்திருக்கும்!

தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்கள் இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் சத்திரங்கள் அமைத்தனர். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இரண்டாம் சரபோசி மன்னர் சத்திரங்களையேனும் தம் பொறுப்பில் விடுமாறு வேண்டிப் பெற்றார். 1801-ஆம் ஆண்டில் ஆங்கில ரெசிடெண்டுக்கு அவர் எழுதிய கடிதம் சத்திரங்கள் நடந்த முறையை விளக்குகின்றது. வருவார் யாராயினும் உணவு உண்டு. பிறர் சமைத்ததை உண்ணாத நியமத்தார்க்கு அரிசியும் பண்டமும் தனியே அளக்கப்படும். நள்ளிரவில் மணியடித்து, காலந்தாழ்த்து வந்தாரையும் அழைத்து உண்பிப்பர். நோயுற்றார்க்கு மருத்துவரும் மருந்தும் உண்டு. கருவுற்ற பெண்டிர்க்குப் பேறுகாலம் வரை பாதுகாப்பு உண்டு. இறந்தார்க்கு ஈமக்கடன் உண்டு. நாடு போனபின்னும் சோறிடும் உரிமை போகலாகாது என்று கவன்ற மன்னரின் உள்ளத்தை என்சொல்லிப் பாராட்டுவது!

குறையொன்றும் இல்லாத பொற்காலம் அது என்று சொல்லுவதற்கில்லை. பந்தியிலே வேற்றுமை பாராட்டிய சத்திரங்கள் பல. திண்ணையோடும் கொல்லையோடும் நிறுத்தப்பட்டவரும், வாயிலையே அணுகவொட்டாது விலக்கப்பட்டவரும் உண்டு. எல்லார்க்கும் பொது என்னும் சத்திரத்தின் பொருள் பெயரளவில் நின்றுவிட்ட இடங்கள் அவை. அக்குறையைத் தீர்க்க வந்தவர் வடலூர் இராமலிங்க அடிகளார். 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு சாதி சமயம் கேளாது இன்றளவும் சோறிட்டு வருகின்றது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவு விடுதிகளோடு தருமசாலைகளையும் பெயர் சுட்டி, எவரையும் விலக்கலாகாது என்று விதித்தது. சட்டம் சொல்வதற்கு 88 ஆண்டுகள் முன்னரே அருள் சொல்லிவிட்டது.

இன்று நாம் செய்யத்தக்கது

சத்திரம் என்னும் சொல்லின் இன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். ‘கலியாணச் சத்திரம்’ என்று நாம் சொல்லுவது வாடகைக்கு விடும் மண்டபத்தை. வந்தார்க்கெல்லாம் விலையின்றிச் சோறிட்ட இடத்தின் பெயர், வாடகை கட்டியவர் அழைத்தாரன்றிப் பிறர் புகலாகாத இடத்தின் பெயராகிவிட்டது. சொல் கெட்டதனால் அறம் கெடவில்லை. அறம் நின்றதனால் சொல் கெட்டது. கல்லில் பெயர்பொறித்துக் கட்டிய சத்திரங்கள் எத்தனையோ அடுப்பு அவிந்து கிடக்கின்றன. கட்ட முன்வந்தார் பலர்; நாள்தோறும் நடத்த முன்வந்தார் சிலரே. கட்டுவது ஒருநாட் புகழ். நடத்துவது என்றும் உள்ள உழைப்பு.

நல்ல செய்திகளும் உள. தமிழகத் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-ஆம் ஆண்டில் தொடங்கியது. நம் கண்கண்ட தெய்வம் எழுந்தருளிய திருத்தணிகையில் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 16 முதல் நாள் முழுவதும் அன்னம் வழங்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஊண் என்னும் ஒரு பாதி நிறைவேறி வருகின்றது. உறையுள் என்னும் மறுபாதிக்கு வழி யாது?

ஆடிக்கிருத்திகையின்போது காவடி சுமந்து கால்நடையாய் வரும் அடியார்களை நம் பக்கத்தார் அனைவரும் கண்டிருப்பர். இரவு ஏறியதும் திண்ணையோரம் காவடியை இறக்கிவைத்து ஒதுங்குவர். வீட்டுப் பாட்டியம்மை வெளிவந்து, “ஏமய்யா, போஜனம் அயிந்தா?” என்று தெலுங்கிற் கேட்பார். “ஆச்சுங்க தாயே, தலைசாய்க்கத்தான் இடம் வேணும்” என்று தமிழில் விடை வரும். மறுமொழி பேசாது ஒரு பாயும் ஒரு செம்பு தண்ணீரும் வந்துவிடும். ஊணும் உறையுளும் என்னும் தொடருக்கு இதனினும் சிறந்த உரை எந்த அகராதியிலும் இல்லை. அன்று திண்ணை இல்லாத வீடு அரிது. இன்று திண்ணையுள்ள வீடு அரிது. தனித்தனி வீடுகள் செய்துவந்த அறத்தை இனி ஊர் ஒன்றுகூடிச் செய்தல் வேண்டும்.

ஆதலின் அறங்காவல் புரிவோர்க்கும் கொடைநெஞ்சம் படைத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள். கலசத்திற்கும் கோபுரத்திற்கும் வாரி வழங்கிய கைகள் ஓய்வதற்கு முன்னர் இன்னும் ஒருமுறை நீளட்டும். பெரிய மாளிகை வேண்டுவதில்லை. நனையாத கூரை, பெண்டிர்க்குத் தனியிடம், குளிக்கத் தண்ணீர், இரவில் ஒரு விளக்கு, அவ்வளவே. அதனோடு முதல் அழியாமல் வட்டியால் நடக்கும் ஒரு நிதி; ஆண்டுதோறும் எல்லாரும் காணக் கணக்குப் படிக்கும் ஒழுங்கு. வருவோரை ஊரும் பேரும் குலமும் கேளாது ஏற்கும் மனம். இவை அமைந்தால் கோபுரத்திற்குச் செய்த குடமுழுக்கு அடியார் உள்ளத்திற்கும் ஆகும்.

கருவறையில் இருக்கும் பெருமானுக்கு நாம் நாள்தோறும் நைவேத்தியம் படைக்கிறோம். இரவில் பள்ளியறைச் சேவை செய்கிறோம். ஆண்டவனுக்கே ஊணும் உறையுளும் அளிக்கும் மரபு நம்முடையது. அவன் அடியார்க்கும் அவ்விரண்டும் குறைவற வாய்க்குமாறு தணிகைவேலவன் திருவருள் புரிவானாக!